பல்லின் மேற்பூச்சு: கலப்படம் ஏறிய ஒரு கல்

அநுராதபுர மாவட்டத்தில், எப்பாவலவில், 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பொஸ்பேற்றுப் படிவு இருக்கிறது. அந்தக் கல்லை அரைத்துத் தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் உரமாகப் போடுகிறார்கள். நெல்லுக்கு அது அவ்வளவு ஒத்துவராது. அந்தக் கல் தண்ணீரில் லேசில் கரையாது, அமிலத்தில்தான் கரையும். தேயிலை மண் புளிப்பு மண். அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 க்கும் 5.5 க்கும் இடையில் நிற்கும். அந்தப் புளிப்பில் கல் மெல்ல மெல்லக் கரைந்து வருடக்கணக்கில் செடிக்குப் பொஸ்பரசைக் கொடுக்கும். மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகிற நெல்லுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அந்தக் கல்லின் பெயர் அபற்றைற்று. உங்கள் பல்லை மூடியிருக்கும் எனாமலும் இதே குடும்பம்தான். தேயிலைத் தோட்டத்தில் நன்மை செய்கிற அதே கரைசல் வாய்க்குள் நடந்தால் அதற்குப் பெயர் சூத்தைப் பல்.

பள்ளிக்கூடத்தில் மிளிரி என்று படித்திருப்பீர்கள். பல் வைத்தியரும் அவரிடம் போகிறவரும் எனாமல் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நூற்றுக்கு எவ்வளவு

முதிர்ந்த மனித எனாமலை நிறுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு கனிப்பொருள், 3 பங்கு தண்ணீர், 1 பங்கு புரதமும் பிற கரிமப் பொருளும். அதற்குக் கீழே இருக்கும் டென்டீனில் கனிப்பொருள் 70, கொலாஜன் என்ற நார்ப்புரதம் முதலான கரிமப் பொருள் 20, தண்ணீர் 10. எலும்பில் கனிப்பொருள் இன்னும் கொஞ்சம் குறைவு. உடம்பில் எனாமல் அளவுக்குக் கல்லாகிப்போன இடம் வேறு இல்லை.

இந்த 96 என்ற எண்ணைப் பார்த்து எனாமல் இடைவெளியே இல்லாத பாறை என்று நினைத்துவிட வேண்டாம். அது நிறைக் கணக்கு. தண்ணீரும் புரதமும் இலேசானவை, அபற்றைற்று அவற்றைவிட மூன்று மடங்கு அடர்த்தியானது. அதனால் கனவளவில் கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கல் இல்லாத இடம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்குகள் வழியாகத்தான் அமிலம் உள்ளே போகிறது, புளோரைட்டும் உள்ளே போகிறது, தேநீர்க் கறையும் கொஞ்சம் உள்ளே போகிறது.

கல்லின் சூத்திரத்தை வாயால் சொல்லிவிடலாம்: 10 கல்சியம், 6 பொஸ்பேற்று, 2 ஐதரொட்சைட்டு. மூன்றும் சேர்ந்தது ஐதரொட்சி அபற்றைற்று. நிறையில் கல்சியம் கிட்டத்தட்ட 40 சதவீதம், பொஸ்பரஸ் 18.5 சதவீதம். இது ஆய்வுகூடத்தில் சுத்தமாகச் செய்த கல்லின் கணக்கு. வாயில் இருக்கிற கல் ஒருபோதும் அவ்வளவு சுத்தமில்லை. பொஸ்பேற்று இருக்கவேண்டிய சில இடங்களில் காபனேற்று உட்கார்ந்திருக்கும். நிறையில் 2 முதல் 4 சதவீதம் வரை. கல்சியத்தின் இடத்தில் சோடியமும் மக்னீசியமும், இரண்டும் 1 சதவீதத்துக்கும் குறைவாக. ஐதரொட்சைட்டின் இடத்தில் குளோரைட்டும் புளோரைட்டும். அபற்றைற்று எல்லாரையும் உள்ளே விடுகிற கல். 1786 இல் ஜெர்மன் கனிமவியலாளர் வேர்னர் இதற்குப் பெயர் வைத்தபோது 'ஏமாற்று' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார், ஏனென்றால் பார்ப்பவர்கள் இதை வேறு கற்களோடு குழப்பிக்கொண்டே இருந்தார்கள்.

எனாமலைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தக் கலப்படத்தை வையுங்கள். உங்கள் பல், சுறாவின் பல், புறக்கோட்டைப் பெருச்சாளியின் பல் எல்லாவற்றிலும் மூலக்கல் ஒன்றுதான். அதற்குள் என்ன கலந்திருக்கிறது, எந்த இடத்தில் கலந்திருக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

காபனேற்று கெடுக்கும், புளோரைட்டு இறுக்கும்

பொஸ்பேற்று நான்கு மூலையுள்ள அயன் (மின்னேற்றமுள்ள துகள்), அதன் ஏற்றம் மூன்று. காபனேற்று தட்டையான முக்கோணம், ஏற்றம் இரண்டு. மேசையின் ஒரு காலுக்குப் பதிலாக ஒரு தட்டைச் செருகினால் மேசை ஆடத்தானே செய்யும். ஏற்றக் கணக்கைச் சரிக்கட்ட பக்கத்தில் ஒரு கல்சியத்தைத் தள்ளிவிட்டு ஒற்றை ஏற்றமுள்ள சோடியம் வந்து உட்காரும். பளிங்கின் அந்த மூலை தளர்ந்துபோகும். அமிலம் வந்தால் முதலில் கரைவது அந்த மூலை. எனாமலின் மேற்பரப்பில் காபனேற்று குறைவு, டென்டீனை நெருங்க நெருங்கக் கூடுதல். மேல் அடுக்கைத் துளைத்துவிட்ட சூத்தை உள்ளே வேகமெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புளோரைட்டின் கதை நேர்மாறு. பளிங்குக்குள் கல்சிய முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு குழாய் போல ஓடும். ஐதரொட்சைட்டு அந்த முக்கோணத்தின் நட்டநடுவில் இருக்க முடியாது. ஐதரசன் துருத்திக்கொண்டிருப்பதால் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும். புளோரைட்டு சின்ன உருண்டை, நடுவில் கச்சிதமாக அமரும். பளிங்கு இறுகும். அமிலத்தில் இருக்கும் ஐதரசன் அயன் ஐதரொட்சைட்டைக் கண்டால் பிடித்துத் தண்ணீராக்கிக் கொண்டுபோய்விடும். புளோரைட்டை அவ்வளவு எளிதில் அசைக்காது. ஐதரொட்சி அபற்றைற்று கரையத் தொடங்கும் பிஎச் சுமார் 5.5 என்றால், புளோர் அபற்றைற்றுக்கு அது சுமார் 4.5. பிஎச்சில் 1 குறைவது என்றால் அமிலம் 10 மடங்கு கூடுவது.

5.5 என்பதைச் சட்டம் போல எடுக்கவேண்டாம். பல்லைச் சுற்றியிருக்கும் நீரில் கல்சியமும் பொஸ்பேற்றும் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது நகரும். தயிர் இதற்கு நல்ல உதாரணம். அதன் பிஎச் 4 க்கும் 4.5 க்கும் இடையில். கணக்குப்படி எனாமலைக் கரைக்கவேண்டும். கரைப்பதில்லை. தயிரில் கல்சியமும் பொஸ்பேற்றும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து எடுக்க இடமில்லை. அதே அளவு புளிப்புள்ள பழச்சாற்றில் அந்த இரண்டும் இல்லை, அதனால் அது பல்லிலிருந்து எடுக்கும். புளிப்பை நாக்கால் அளந்து பல்லுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கட்டிவிட்டு வெளியேறும் கொத்தனார்கள்

எனாமலைச் செய்யும் கலங்களுக்கு அமெலோபிளாஸ்ற் என்று பெயர். பல் முரசுக்குள் இருக்கும்போதே, ஒவ்வொரு கலமும் டென்டீனிலிருந்து வெளிநோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே ஒரு கோலை விட்டுச் செல்லும். கோலின் தடிப்பு ஏறக்குறைய 5 மைக்கிரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கோலுக்குள் பல்லாயிரம் பளிங்கு நாடாக்கள் கட்டுக்கட்டாக இருக்கும். எலும்பின் பளிங்கு சின்னத் துணுக்கு. எனாமலின் பளிங்கு நீண்ட நாடா.

முதலில் போடுவது கல் அல்ல, பெரும்பாலும் புரதம். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின். சீமெந்து ஊற்றுவதற்கு முன் அடிக்கிற பலகை மாதிரி அது. பளிங்கு நீளத்துக்கு வளர்ந்த பிறகு நொதியங்கள் வந்து அந்தப் புரதத்தை வெட்டி அகற்றும், காலியான இடத்தில் பளிங்கு பக்கவாட்டில் தடிக்கும். பலகையைக் கழற்றாமல் விட்டால் என்ன ஆகும்? கல் தடிக்காது, எனாமல் சுண்ணக்கட்டி மாதிரி வெளிறி, உதிரும் தன்மையோடு வரும். பிள்ளைகளின் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளோடு, முளைத்து ஒரு வருடத்துக்குள்ளேயே நொறுங்கும் எனாமலைக் காண்பதுண்டு. அதில் புரதம் மிஞ்சிக் கனிப்பொருள் குறைந்திருக்கும். 'ஒழுங்காகத் தீட்டவில்லை' என்று பிள்ளையைத் திட்டுவது அநியாயம். கோளாறு நடந்தது பல் முளைப்பதற்கு வருடங்களுக்கு முன்.

பல் வெளியே வந்ததும் இந்தக் கலங்கள் அழிந்துவிடும். எலும்பு உடைந்தால் பொருந்தும், தோல் வெட்டினால் மூடும். எனாமல் உடைந்தால் புதிதாகக் கட்ட ஆளே இல்லை. கடைவாய்ப் பல்லின் முகட்டில் 2 முதல் 2.5 மில்லிமீற்றர், பாற்பல்லில் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர், முரசோரத்தில் கத்தி விளிம்பு போல மெலிந்து முடியும். அவ்வளவுதான் கையிருப்பு.

ஆனால் 'புதிதாக வளராது' என்பதும் 'பழுதுபார்க்க முடியாது' என்பதும் ஒன்றல்ல. உமிழ்நீரில் கல்சியமும் பொஸ்பேற்றும் நிறைந்திருக்கின்றன. அரைகுறையாகக் கரைந்த பளிங்கு இன்னும் நிற்கும்வரை அவை திரும்பி வந்து ஒட்டும். குழி விழுந்தபின் ஒட்ட இடமில்லை.

வெள்ளைப் புள்ளியைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

சூத்தை கருப்பாகத் தொடங்குவதில்லை, வெள்ளையாகத் தொடங்குகிறது. அமிலம் இடுக்குகள் வழியாக இறங்கி உள்ளே கரைக்கும்; மேல் ஓடு புளோரைட்டாலும் உமிழ்நீராலும் தாக்குப்பிடித்து நிற்கும். உள்ளே துளைகள் பெருகியதால் வெளிச்சம் சிதறி அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

இதற்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. எனாமலின் ஒளிமுறிவுச் சுட்டி 1.62, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைக்குள் தண்ணீர் இருந்தால் வித்தியாசம் குறைவு, புள்ளி மறைந்திருக்கும். காற்றடித்து உலர்த்தினால் வித்தியாசம் கூடிப் புள்ளி வெளியே தெரியும். உலர்த்தினால் மட்டும் தெரிகிற புள்ளி மேலோட்டமானது. ஈரத்திலேயே தெரிகிறதென்றால் ஆழம் போய்விட்டது. பல் வைத்தியர் பல்லுக்குக் காற்றடிப்பதன் பொருள் இதுதான். வீட்டில் பார்ப்பதென்றால் பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி, முரசோரத்தைப் பஞ்சால் துடைத்து, பத்துப் பதினைந்து வினாடி உலரவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கூரான எதையும் வைத்துக் குத்திப் பார்க்காதீர்கள். அந்த மேல் ஓடு உடைந்தால் திரும்பக் கட்டுவதற்கான வாய்ப்பும் உடைந்துவிடும்.

வாய்க்குள் அமிலம் செய்வது பெரும்பாலும் பக்ரீரியா. பல்லில் ஒட்டிய படலத்துக்குள் இருந்துகொண்டு சீனியைத் தின்று லக்ரிக் அமிலம் விடும். சீனி போட்ட ஒரு ப்ளேன்டீ குடித்தால் 5, 10 நிமிடத்தில் படலத்தின் பிஎச் 5.5 க்குக் கீழே இறங்கும். உமிழ்நீர் அதைத் திரும்ப ஏற்ற 30 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். கோட்டைக் கந்தோரில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிக்குள் ஆறு கோப்பை என்று வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், மொத்தம் 4 மணித்தியாலம் பல் கரைசலில் நிற்கிறது. ஆறு கோப்பைச் சீனியையும் ஒரே கோப்பையில் போட்டுக் குடித்தால் 40 நிமிடத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும் (நீரிழிவுக்கு அது பதில் அல்ல, பல்லின் கணக்கு மட்டும்). எவ்வளவு சீனி என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் இங்கே பெரிது. ஒரு கோப்பையை ஒரு மணித்தியாலம் உறிஞ்சிக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் கெட்டது.

நேரடியாக வரும் அமிலம் வேறு வகை. தேசிக்காய்ச் சாறு, சோடா வகைகள், காலிமுகத்திடலில் விற்கும் வினாகிரி அச்சாறு, உப்புத்தூள் போட்ட மாங்காய் எல்லாம் பக்ரீரியா இல்லாமலேயே மேற்பரப்பை நேராகக் கரைக்கும். கரைந்த மேற்பரப்பு சிறிது நேரம் மிருதுவாக இருக்கும். அந்த நேரத்தில் தூரிகையைப் போட்டுத் தேய்த்தால் மிருதுவானது கையோடு போய்விடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் பொறுத்துத் தீட்டுங்கள்.

தேய்மானத்துக்கும் ஒரு வார்த்தை. மோவின் கடினத்தன்மை அளவில் எனாமல் 5, டென்டீன் 3, மணல் 7. அதனால்தான் சரியாகக் கழுவாத கீரையில் வரும் ஒரு மணல் துணுக்கு பல்லைக் கூசவைக்கிறது. உமிக்கரியிலும் சாம்பலிலும் சிலிக்கா உண்டு. அவற்றால் தேய்த்த பல் வெள்ளையாகத் தெரிவது உண்மைதான். கறையோடு கொஞ்சம் எனாமலும் போவதால். நாளடைவில் எனாமல் மெலிந்து கீழிருக்கும் மஞ்சள் டென்டீன் தெரிய ஆரம்பிக்கும், வெள்ளைக்காகத் தேய்த்தது மஞ்சளில் முடியும். வெற்றிலை போடுகிறவர்களின் பல் கறையால் அரிதாகவே கெடுகிறது, கெடுப்பது பாக்கு. மெல்ல மெல்ல முகடு தட்டையாகும். பாக்கு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

புளோரைட்டு: மேலே பூசுவதற்கு, விழுங்குவதற்கு அல்ல

பல் உருவாகும்போது புளோரைட்டை உள்ளே சேர்த்துவிட்டால் பல் ஆயுளுக்கும் உறுதியாக இருக்கும் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது தெரிவது, முக்கிய வேலை முளைத்த பல்லின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. கரைவதும் திரும்பப் படிவதுமாக இருக்கும் அந்த எல்லையில் மிகக் கொஞ்சம் புளோரைட்டு இருந்தாலே, படிவது வேகமாகும், புதிதாகப் படிகிற கல்லில் காபனேற்று குறைந்து புளோரைட்டு கூடும். பழைய கலப்படம் போய் நல்ல கலப்படம் வரும்.

பற்பசைக் குழாயில் பார்க்கவேண்டிய எண் பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு புளோரைட்டு என்பது; 1000 முதல் 1500 வரை இருக்கட்டும். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அரிசி மணி அளவு பசை, 3 முதல் 6 வயதுக்குப் பட்டாணி அளவு. தீட்டி முடித்ததும் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்: இரண்டு நிமிடம் பூசியதை இரண்டு வாய்த் தண்ணீரில் கழுவி ஊற்றிவிடுகிறோம். இரவு தீட்டுவது கட்டாயம், ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும்.

அளவு மிஞ்சினால் கெடுதல். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, புளோரைட்டு குறைவு. உலர்வலயத்தில், குறிப்பாக அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணறுகளில், பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைட்டு பல இடங்களில் கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயில் நாட்டில் தண்ணீர் அதிகம் குடிப்பதால் அதற்கும் கீழே வைப்பதுதான் நல்லது. எனாமல் கட்டப்படும் வருடங்களில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய 8 வயதுவரை, புளோரைட்டு மிஞ்சினால் அந்தப் புரதப் பலகையைக் கழற்றும் வேலை தடைப்படும். முளைக்கும்போதே வெள்ளைக் கோடுகள், கடுமையானால் பின்னர் அந்தத் துளைகளில் ஏறிய பழுப்புக் கறை. கொழும்பில் வளரும் பிள்ளைக்கு இது வருவதென்றால் பெரும்பாலும் இனிப்புப் பற்பசையைத் தின்பதால் வரும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது. நீர் ஆவியாகி மிச்சத்தில் அது செறிவாகும். மண்பானை வடிகட்டியிலும் போகாது. உலர்வலய ஊர்களில் இப்போது பரவலாக இருக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் இயந்திரம் எடுத்துவிடும். எலும்பைக் கரியாக்கிச் செய்த வடிகட்டியும் எடுக்கும், ஏனென்றால் எலும்புக் கரி என்பதும் அபற்றைற்றுதான். பல் செய்வதையே அதுவும் செய்கிறது.

எலிக்கு இரும்பு, சுறாவுக்கு புளோரைட்டு, கோழிக்கு ஒன்றுமில்லை

பெருச்சாளியின் அல்லது அணிலின் முன்பல்லைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் அது செம்மஞ்சளாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழுக்கல்ல, இரும்பு. கொறிக்கும் பிராணிகளின் முன்பல் எனாமலில், மிக வெளியே இருக்கும் மெல்லிய அடுக்கில், பளிங்குகளுக்கு இடையே இரும்புச் சேர்வை நிரம்பியிருக்கும். 2015 இல் பீவர் என்ற கொறிக்கும் பிராணியின் பல்லை அணு அளவில் பிரித்துப் பார்த்தவர்கள், இந்த இரும்பு அடுக்கு சாதாரண எனாமலை விடக் கடினமானது, அமிலத்தையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று காட்டினார்கள். மனிதன் இடுக்கில் தண்ணீரை வைத்திருக்கிறான், எலி இரும்பை வைத்திருக்கிறது. இரும்புச் சத்துக் குறைந்த எலிக்குப் பல் வெளிறிவிடும்.

எலி எனாமலை முன்பக்கத்தில் மட்டும் வைத்திருப்பது இன்னொரு தந்திரம். பின்பக்கம் வெறும் டென்டீன், அது சீக்கிரம் தேயும். முன்பக்கம் தேயாமல் நிற்கும். தச்சன் உளி போலத் தானாகவே கூராகிக்கொண்டிருக்கும். அடியில் அமெலோபிளாஸ்ற் கலங்கள் வேலையை நிறுத்துவதே இல்லை, எலியின் கீழ் முன்பல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வளரும். எதிர்ப்பல் உடைந்தால் தேய்க்க ஆளின்றி வளைந்து வாயையே குத்தும். வீட்டில் முயல் வளர்க்கிறவர்கள் மென்மையான தீனியை மட்டும் கொடுத்தால் அதே சங்கடம் வரும். புல்லும் வைக்கோலும் கொடுக்கவேண்டும்.

சுறாவின் பல்லை மூடியிருப்பது கண்டிப்பாகச் சொன்னால் எனாமல் அல்ல, எனாமலொயிட். செய்யும் கலங்களும் புரதமும் வேறு. கல் ஏறக்குறைய முழுவதும் புளோர் அபற்றைற்று. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் புளோரைட்டு உண்டு. அப்படியானால் சுறாப்பல் நம் பல்லை விடக் கடினமா? அளந்து பார்த்ததில் ஏறக்குறைய ஒன்றேதான். நம் பல்லில் புளோரைட்டு மேற்பரப்பில் மட்டும் கொஞ்சம் இருந்தும் ஈடுகொடுக்கிறது. கோல்களின் பின்னல் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. பவளத்தைக் கடித்து அரைக்கும் கிளிமீனிடம் இரண்டும் உண்டு: புளோர் அபற்றைற்றும் நெருக்கமான பின்னலும்.

மாட்டுக்கும் யானைக்கும் வேறு வழி. எனாமலைத் தொப்பி போல மேலே போடாமல், மடித்து மடித்து டென்டீனுக்கும் பற்சீமெந்துக்கும் (எலும்பு போன்ற இன்னொரு பல் அடுக்கு) நடுவே செங்குத்தாகச் செருகியிருக்கும். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்வதால் எனாமல் வரம்புகள் எப்போதும் மேடாக நின்று புல்லை அரைக்கும். யானைக்கு ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் ஆயுளில் ஆறு கடைவாய்ப் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரும். தந்தம் எனாமல் அல்ல, முழுவதும் டென்டீன். இளம் தந்தத்தின் நுனியில் சிறிது எனாமல் இருந்து தேய்ந்துபோகும்.

நாயின் எனாமல் பெரும்பாலும் அரை மில்லிமீற்றரைச் சுற்றித்தான். நம்முடையதை விட மெலிது. ஆனாலும் நாய்க்குச் சூத்தை அரிது. அதன் உமிழ்நீர் காரத்தன்மையானது, பிஎச் 8 ஐ ஒட்டி நிற்கும். அதே காரத்தன்மை கல்சியத்தைப் படியவைப்பதால் பற்காரை சீக்கிரம் கட்டும், முரசு கெடும். மெலிந்த எனாமலோடு கல்லையும் மாட்டெலும்பையும் கடித்தால் மேல்தாடையின் பெரிய வெட்டும் பல் பக்கவாட்டில் சிம்பாக உடையும். நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். மனிதப் பற்பசையும் வேண்டாம்: நாய் துப்பாது, சில பசைகளில் இருக்கும் சைலிற்றோல் நாய்க்கு நஞ்சு.

கோழிக்குப் பல்லில்லை. ஆனால் அதன் மரபணுவில் எனாமல் புரதத்துக்கான ஜீன்களின் உடைந்த மிச்சம் இன்னும் கிடக்கிறது. அழுங்குக்கும் அப்படியே.

வெள்ளவத்தைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் நத்தை வகை உயிரினங்கள் பல்லின் வெட்டும் முனையில் அபற்றைற்றையே விட்டுவிட்டன. லிம்பெற் நத்தையின் நாக்குப் பற்களில் இருப்பது கோதைற்று என்ற இரும்புக் கனிமம். கைற்றனின் பற்களில் காந்தத்தில் ஒட்டும் மக்னரைற்று. இதை எனாமல் என்று சொல்ல முடியாது, பல் என்று சொல்லலாம்.

காபனேற்றுக்கும் ஒரு பயன்

பல்லைப் பலவீனமாக்கும் காபனேற்றுத்தான் தொல்லியலாளருக்குச் சாட்சி. அதிலுள்ள காபன் அந்த ஆள் சிறுவயதில் தின்ற உணவிலிருந்து வந்தது. அடர்ந்த மழைக்காட்டு நிழலில் வளரும் உணவுக்கும் திறந்த புல்வெளி உணவுக்கும் காபன் சமதானிகளின் (நிறை வேறுபட்ட காபன் அணுக்களின்) விகிதம் வேறு. எனாமல் ஒருமுறை கட்டியபின் மாறாது, மண்ணுக்குள் எலும்பு கெட்டாலும் இது நிற்கும். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலை, குருவிட்டைப் பக்கத்து பட்டதொம்பலேன முதலிய இடங்களில் கிடைத்த பற்களின் எனாமலை வைத்து, இலங்கையில் மனிதர் குறைந்தது 20,000 வருடங்களாக மழைக்காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

வினாகிரியில் முட்டையைப் போட்டு 'பல் இப்படித்தான் கரையும்' என்று காட்டுவதை நிறுத்தலாம். முட்டை ஓடு கல்சியம் காபனேற்று, அபற்றைற்று அல்ல. குமிழி வரும், பல்லில் அப்படி வராது. ஆட்டிறைச்சிக் கடையில் கீழ்த்தாடை ஒன்று கேளுங்கள். மேல்தாடையில் ஆட்டுக்கு முன்பல் கிடையாது. அரை மணித்தியாலம் அவித்தால் முன்பற்கள் கழன்றுவரும். பழைய தூரிகையால் கழுவி ஒருநாள் நன்றாக உலர்த்துங்கள். பல் முழுவதும், வேரும் சேர்த்து, நெயில் பொலிஷ் இரண்டு தரம் பூசி, பல்முடியின் (முரசுக்கு வெளியே தெரியும் பகுதியின்) முன்பக்கத்தில் 3 மில்லிமீற்றர் சதுரம் மட்டும் விடுங்கள். ஈரப் பல்லில் பூசினால் பொலிஷ் உரிந்து எல்லை குழம்பிவிடும். 50 மில்லிலீற்றர் நிறமற்ற வினாகிரியில் ஒருநாள் போடுங்கள்; தென்னை வினாகிரி வேண்டாம், அதன் நிறம் பல்லில் ஏறும். இன்னொரு பல்லைத் தயிரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பாருங்கள். வினாகிரிப் பல்லின் சதுரம் சுண்ணக்கட்டி போல மங்கியிருக்கும், ஊசி நுனி அதில் கீறும். தயிர்ப் பல்லில் பளபளப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பல் வைத்தியரும் இதையே வேண்டுமென்று செய்கிறார்: பல்லின் நிறத்திலுள்ள சீமெந்தை அடைக்குமுன் 37 சதவீதப் பொஸ்போரிக் அமிலப் பசையை 15 முதல் 30 வினாடி வைத்துக் கழுவி உலர்த்துவார், எனாமல் பனிபடர்ந்த கண்ணாடி போலாகும், அந்தத் துளைகளில் பிசின் இறங்கிப் பிடிக்கும். 1955 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் புவனோகோர் தொடங்கிவைத்த முறை இது. அந்த நிமிடத்தில் உமிழ்நீர் ஒரு துளி பட்டாலும் துளை அடைபட்டு, திரும்ப அமிலம் வைக்கவேண்டும். வாயில் பஞ்சுருண்டைகளை அடைத்து 'அசையாதீர்கள்' என்பது அதற்காகத்தான்.

மூன்றாவது பல்லைப் பொலிஷ் பூசாமல் வினாகிரியில் விட்டு, இரண்டு நாளுக்கொருமுறை வினாகிரியை மாற்றிக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். வேர் உருவம் மாறாமல் இருக்கும், ஆனால் விரலால் வளைத்தால் றப்பர் போல வளையும். கல் போய்க் கொலாஜன் மிஞ்சியது. பல்முடியின் மேல் எனாமல் இருந்த இடத்தில் கையில் எடுக்க ஒன்றும் மிஞ்சியிராது.